இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஓர் அந்தமான் தேன்நிலவும்

நம் சுற்றுலா அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். டிக்கெட் போடுவதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அதை உங்கள் கைப்பேசி என்னைவிட நன்றாகச் செய்கிறது. ஓட்டல் அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் கொஞ்ச நாளில் தானாகப் பிடிபட்டுவிடும். எதிரில் நிற்பவர் கோபத்தில் கத்தும்போது எப்போது பதில் சொல்வது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் லேசில் பிடிபடாது. எனக்கு அது பிடிபட்டது அந்தமானில், கார்த்திகை மாதத்தில், புயல் நடுவில்.

நம் ஊர்க்காரர்கள் ஏன் போயும் போயும் கார்த்திகையில் கடல் பக்கம் கிளம்புகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். காஞ்சிபுரம் பட்டுத் தொழில் நடக்கிற ஊர். தீபாவளி வரைக்கும் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. தை பிறந்தால் கல்யாண வியாபாரம் தொடங்கிவிடும். இடையில் கிடைப்பது அந்த மழைக்காலம்தான். போதாததற்கு, அப்போது அந்தமான் பயணம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஏன் பாதி விலை என்று கேட்டால், சீசன் இல்லை என்று சொல்லிவிடுவது நம் தொழிலின் வழக்கம். சீசன் இருக்கத்தான் செய்கிறது. அது புயலின் சீசன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, ஒரு தீபாவளி முடிந்த கையோடு, சதீஷும் திவ்யாவும் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆவணியில் கல்யாணமானவர்கள். பையனுக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு அப்போதுதான் விடுமுறை கிடைத்திருந்தது. தேன்நிலவுக்கு அந்தமான் போக வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார்கள். இரண்டு பேருக்குப் பதிவு செய்தேன்.

அன்று மாலையே சதீஷ் போன் செய்து மூன்றாக்கச் சொன்னான். அவன் அம்மா கமலாவும் வருகிறாராம். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊருக்குச் சின்னஞ்சிறுசுகளைத் தனியாக எப்படி அனுப்புவது என்று கேட்டாராம். மறுநாள் திவ்யா போன் செய்து நாலாக்கச் சொன்னாள். மாமியார் போகிறார் என்று தெரிந்ததும் அவள் அம்மா வசந்தாவும் பெட்டியைக் கட்டிவிட்டாராம். தேன்நிலவுக்கு யாராவது மாமியாரைக் கூட்டிப்போவார்களா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்த ஊரில் நான் பார்த்த தேன்நிலவுகளில் பாதிக்கு வேன் தேவைப்பட்டிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு அம்மாக்களும் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்தன்று சம்பந்தியம்மாவுக்கு மரியாதையாக வசந்தா ஒரு பட்டுச்சேலை வைத்துக் கொடுத்திருக்கிறார். கமலா பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறிக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவர். பட்டைக் கையில் வாங்கினால் அவர் விரல் சும்மா இருக்காது. முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, மேடையில் எரிந்த குத்துவிளக்கில் காட்டி, மோந்து பார்த்துவிட்டார். சுத்தப் பட்டு எரிந்தால் முடி கருகிய வாடை வரும். வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். அதை வசந்தா பார்த்துவிட்டார். பட்டில் குற்றமில்லை. ஆனால் ஊரே பார்க்க நம்மை மோந்து பார்த்துவிட்டாளே என்பது வசந்தாவின் வருத்தம். பழக்கத்தில் செய்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே என்பது கமலாவின் வருத்தம். அன்றிலிருந்து இருவரும் பிள்ளைகள் மூலமாகத்தான் பேசினார்கள்.

அப்பாக்கள் இருவரும் வரவில்லை. சதீஷின் அப்பா ஏகாம்பரம், புயல் காலத்தில் கடலுக்குப் போகிறவன் மடையன் என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். திவ்யாவின் அப்பா வரதன், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவருக்கும் அதே கருத்துதான். ஆனால் அதை வசந்தாவிடம் சொல்லும் தைரியம் இல்லாததால், வண்டியை விட்டு வர முடியாது என்று மட்டும் சொன்னார்.

மழை வருமா என்று இரண்டு அம்மாக்களும் தனித்தனியாக வந்து என்னைக் கேட்டார்கள். நிச்சயம் வரும், எங்கே வரும் என்றுதான் தெரியாது என்று இருவரிடமும் சொன்னேன். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தேன். வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது என்று செய்தி வந்ததும் அந்தக் குழுவில் பதிவு செய்திருந்த மற்ற குடும்பங்கள் எல்லாம் விலகிவிட்டன. நம் முதலாளி பயணத்தையே தள்ளிப்போடலாம் என்றார். சதீஷுக்கோ வேறு தேதியில் விடுமுறை கிடையாது. இரண்டு சம்பந்தியம்மாக்களும், யார் முதலில் பின்வாங்குவது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். மேனேஜர் கூட வருவார் என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். ஆக, நாலு பேருக்கு ஒரு டூர் மேனேஜராக நான் கிளம்பினேன்.

விமானத்தில் கமலா மகன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றார். வசந்தா மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். புது மாப்பிள்ளையும் பெண்ணும் இரு வேறு வரிசைகளில் இருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வங்கக் கடலைத் தாண்டினார்கள். அந்தமானில் முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். கடற்கரையின் ஒரு முனையில் கமலா குடையோடு உட்கார்ந்திருப்பார். மறு முனையில் வசந்தா. நடுவில் தண்ணீரில் நின்ற இருவரும் கை கோத்தால், ஏதாவது ஒரு முனையிலிருந்து, ஜுரம் வரப்போகிறது, கரைக்கு வா என்று குரல் வரும்.

ஹேவ்லாக் தீவில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் போனோம். கீழே பவளப் பாறையின் மேல் பச்சையும் ஊதாவுமாக மீன்கள் திரிந்தன. கமலா யாரிடம் என்றில்லாமல், இந்தப் பச்சையில் உடலும் அந்த ஊதாவில் முந்தானையும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். வசந்தாவின் வாய், ஊதாவைவிட அரக்கு எடுக்கும் என்று சொல்லத் திறந்தது. பிறகு ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. அதையும் மகள் காதில் சொல்லி, மகள் புருஷனிடம் சொல்லி, அவன் அம்மாவிடம் சொல்வதற்குள் மீன் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் காற்று மாறியது. புயல் சின்னம் கிட்டே வருகிறது, நண்பகல் படகோடு போக்குவரத்து நிறுத்தப்படலாம் என்று தீவில் சொன்னார்கள். எங்கள் விமானம் மறுநாள் போர்ட் பிளேரிலிருந்து. நண்பகல் படகைப் பிடித்தால் விமானத்தைப் பிடிக்கலாம். சதீஷ் அந்த வாரக் கடைசியில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அவன் கைப்பேசியில் ஏதோ ஒரு வரைபடத்தைக் காட்டி, புயல் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, போய்விடலாம் மேடம் என்றான். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவரும் ஒன்றும் ஆகாது என்றார்.

நான் கரைக்குப் போய்ப் பார்த்தேன். மீனவர்கள் தங்கள் படகுகளை மணலில் மேலே இழுத்துத் தென்னை மரங்களில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பிழைப்பையே மரத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்த பிறகு நாலு பேரைப் படகில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விமானம் போனால் வேறு விமானம் பார்க்கலாம் என்றேன். நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தப் படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதுதான் கதையே. திவ்யா தீவில் சிநேகம் பிடித்திருந்த ஒரு பெண் அதில் போயிருந்தாள். போர்ட் பிளேர் ஓட்டலில் உட்கார்ந்து தோசை சாப்பிடும் படத்தை அனுப்பினாள். அந்தப் படம் எங்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் கை மாறியது. வெளியே அப்போது தூறல்தான்.

கமலா ஆரம்பித்தார். "நாலு பேரு படகைக் கட்னாங்கன்னு எங்களையும் இங்க கட்டிப் போட்டுட்டியேம்மா. அங்க பாரு, அவங்க தோசை துன்னுக்கினு இருக்காங்க." சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் வசந்தா புகுந்தார். மாப்பிள்ளைக்கு வேலை போனால் யார் பொறுப்பு என்றார். கமலா என்னைப் பார்த்து, அதுக்குப் பதில் சொல்லு என்றார். வசந்தாவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே கையைக் காட்டி, "சொல்லுங்க சம்பந்தி, உட்றாதீங்க" என்றார்.

ஆவணிக்குப் பிறகு அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. இருவருக்கும் அது உறைத்தது. ஆனால் என்னைத் திட்டுகிற வேலை பாதியில் இருந்தது. கமலா தொடர்ந்தார்.

என்னிடம் பதில் இருந்தது. போய்ச் சேர்ந்தது அவர்கள் அதிர்ஷ்டம், ஒரு படகு தப்பியதால் ஏறச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆகிவிடாது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சதீஷும் திவ்யாவும் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போயிருந்தார்கள். ஒரே குடையில் தென்னந்தோப்புப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். காற்றில் குடை மடங்கியது. அவன் அதை நிமிர்த்த, அது மறுபடி மடங்க, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு குடையைப் போட்டுவிட்டு நனைந்தார்கள். அவர்கள் தேன்நிலவு அப்போதுதான் தொடங்கியது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாக்கள் களைத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிவிடக்கூடாதே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. கமலாவின் குரல் கொஞ்சம் இறங்கியதும், "சாப்பாட்டுல எதனா குறை இருக்குதுங்களாம்மா?" என்று பணிவாகக் கேட்டேன். அது போதுமாக இருந்தது. இட்லி கல்லாக இருப்பதை வசந்தா சொன்னார். குழம்பில் தேங்காய் எண்ணெய் வாடை அடிப்பதைக் கமலா சொன்னார். வசந்தா மெத்தையைச் சொல்ல, கமலா தலையணையைச் சொன்னார். டீ வந்தது. டீயைப் பற்றியும் சொன்னார்கள். பிள்ளைகள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தபோது, இரண்டு அம்மாக்களும் ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்து, என்னைப் பற்றி நம் முதலாளியிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

மாலையில் காற்று பலமாக அடித்தது. படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு மரம் சாய்ந்தது. மறுநாள் முழுவதும் படகு இல்லை. அதற்கு அடுத்த நாள் கழுவித் துடைத்தது போல வெயில். புயல் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்து ஒரு தமிழ் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது எங்கே போனது என்று தொலைக்காட்சியில் பார்த்தோம். நேராக நம் கரைக்குப் போயிருந்தது. சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தது. காஞ்சிபுரத்தில் விடாத மழை, தாழ்வான தெருக்களில் தண்ணீர் என்று எழுத்து ஓடியது.

இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் போகிற ஊரின் வானத்தைப் பார்ப்பது பாதி வேலை. திரும்பி வந்து இறங்க வேண்டிய ஊரின் வானத்தையும் பார்க்க வேண்டும்.

ஏகாம்பரம் போனை எடுக்கவில்லை. வரதனும் எடுக்கவில்லை. கமலா இலையில் கை வைக்கவே இல்லை. அவர்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் தோண்டிய குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்ய வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் பாதி நெய்த கல்யாணச் சேலை இருந்தது. "பாவை உட்டுட்டு அந்த மனுசன் எழுந்து வர மாட்டாரு," என்றார் கமலா. "தண்ணி கழுத்துக்கு வந்தாலும் உக்காந்துக்கினு இருப்பாரு." வசந்தா கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டுக்காரர் கட்டாயம் போய்ப் பார்த்திருப்பார் என்று சொன்னார். சொன்னாரே தவிர, அவர் முகமும் வெளுத்திருந்தது.

நான் ஓட்டல் வாசலில் நின்று, ஊரில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பலருக்கு மணியே அடிக்கவில்லை. கடைசியில், வாடிக்கையாளர்களை நம் அலுவலகத்துக்கு ஏற்றி வரும் ஓர் ஆட்டோக்காரர் கிடைத்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற வயதானவர் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லாத் தெருவிலும் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். பிறகு, ஒன்று சொன்னார். "காலைல ஒரு ஸ்கூல் வேன் தண்ணில நின்னுபூட்ச்சு மேடம். ரெண்டு பெருசுங்க வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு தள்ளிக்கினு போனாங்க. உள்ள ஸ்கூல் பசங்க இல்ல. தறி சாமான்தான் இருந்துச்சு."

நான் உள்ளே ஓடி அதை அப்படியே சொன்னேன். கமலா தண்ணீர் கேட்டார். திவ்யா அழுதுகொண்டே சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய போனில் ஏகாம்பரமே கூப்பிட்டார். நாங்கள் அப்போது கடலோரப் பெஞ்சு ஒன்றில் ஆளுக்கோர் இளநீரோடு உட்கார்ந்திருந்தோம். வெயிலில் கண் கூசியது. சதீஷ் ஒலிபெருக்கியில் போட்டான். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தி வேனோடு வந்துவிட்டாராம். இருவருமாகத் தறியிலிருந்து பாவு நூலைச் சேலையோடு சுருட்டி, நனையாமல் தூக்கி வேனில் ஏற்றினார்களாம். வேன் வழியில் நின்றதும் தள்ளியே கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். இப்போது சம்பந்தி வீட்டு மாடியில் இருக்கிறார்களாம். மின்சாரம் இல்லை. இருவருக்கும் சமைக்கத் தெரிந்தது உப்புமா மட்டும்தான், அதையே காலையிலும் மதியத்திலும் தின்றார்களாம். பின்னாலிருந்து வரதனின் குரல், இந்தத் தடவை உப்பு சரியாக இருந்தது என்றது.

பிறகு ஏகாம்பரம், "அங்க எப்டி? செம மழையா?" என்று கேட்டார்.

புயல் காலத்தில் கடலுக்குப் போகிறவன் மடையன் என்று சொன்ன மனிதர். கமலா கையிலிருந்த இளநீரைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார். "இங்கயும் ஒரே மழைங்க," என்றார். வசந்தா போன் பக்கம் குனிந்து, எதிரில் இருக்கிற ஆள் தெரியாத அளவுக்கு மழை என்றார். ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மேடத்திடம் போனைக் கொடு என்றார்.

இத்தனை வருடப் பணியில் வானிலை விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. போனை வாங்கினேன். இரண்டு சம்பந்தியம்மாக்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்கய்யா," என்றேன். "வெளிய தலைகாட்ட முடியல." சதீஷ் எழுந்து கடல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தோம். மழையால் ஊரே நின்றுவிட்டதால் சதீஷின் கம்பெனியும் மூடித்தான் கிடந்தது. அவன் விடுமுறையை யாரும் கேட்கவில்லை. அம்மாக்கள் இருவரும் சேர்ந்து கடைத்தெரு சுற்றினார்கள். சேர்ந்து பேரம் பேசினார்கள். பிள்ளைகள் எங்கே என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. திரும்பி வந்து இறங்கியபோது அப்பாக்கள் இருவரும் வேனோடு நின்றிருந்தார்கள். ஏகாம்பரம் நாலு பேரின் கறுத்த முகத்தையும் தோல் உரிந்த மூக்கையும் நிதானமாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "அந்த ஊரு மழை ரொம்ப சூடு போலக்கீது," என்றார்.

பொங்கல் முடிந்து ஒருநாள் கமலாவும் வசந்தாவும் ஒரே ஆட்டோவில் நம் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். முதலாளி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, புகார் கொடுக்கத்தான் வருகிறார்கள், நீயே சமாளி என்று பின்னறைக்குப் போய்விட்டார். வந்தவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அடுத்த கார்த்திகைக்கு இரண்டு பேருக்கு டிக்கெட் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் வேண்டாமாம். கூட வந்தால் அதுகளைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விடுகிறதாம்.

நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவேன், இந்தப் பெண் கூட வருவாள் என்று பக்கத்து மேசையில் இருந்தவளைக் காட்டினேன். கமலா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல பொண்ணுதான். ஆனா திட்னா அழுதுடும் போலக்கீதே," என்றார்.

வசந்தா என் பக்கம் திரும்பினார். "ரிட்டையர் ஆனா இன்னாம்மா. சும்மாதானே இருப்ப? நீயே வா."

போனேன். விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள், ஜன்னல் அழுக்காக இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.